பேத்தை தின்றவரும் பகிடி சொன்னவரும்

பாலாவிச் சந்தியில் பஸ் மாறி, இரண்டு பக்கமும் உப்பளத்தைப் பார்த்து, "இங்கேயா எனக்கு நியமனம்?" என்று அம்மாவுக்கோ உம்மாவுக்கோ போன் எடுக்கப்போகும் இளம் டொக்டர்மாருக்கு என் அன்பான ஸலாம். அந்தப் போனை நானும் எடுத்தவன்தான். ஒரு வருடம் இருந்துவிட்டு ஓடிவிடுவோம் என்று கண்டிப் பக்கத்திலிருந்து வந்தவன், பென்ஷன் எடுக்கும்வரை இந்தக் கரையிலேயே கிடந்தேன். பிரியாவிடைக் கூட்டத்தில் அதைத் தியாகம் என்று பேசினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன். உண்மை என்னவென்றால், இடமாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் கடைசித் திகதிக்கு மறுநாள்தான் ஞாபகம் வரும்.

உங்கள் காலம் என் காலத்தைவிடக் கஷ்டமானது. இதை எந்தப் பழைய டொக்டரும் ஒத்துக்கொள்ள மாட்டார், நான் ஒத்துக்கொள்கிறேன். எங்கள் நாளில் நோயாளி எங்களிடம் வந்துதான் தன் நோயின் பெயரைத் தெரிந்துகொள்வார். இப்போது நோயின் பெயர், மருந்தின் பெயர், அந்த மருந்தை ஏன் குடிக்கக்கூடாது என்று கட்டாரிலிருந்து மருமகன் அனுப்பிய குரல் பதிவு, எல்லாவற்றோடும் வந்து உட்காருகிறார். அவருக்குத் தெரியாத ஒரே விஷயம், அந்த மருந்து நம்மிடம் இல்லை என்பதுதான். அதைச் சொல்லும் பாக்கியம் உங்களுக்கு. சொல்லும்போது ஒருவர் போனில் படம் பிடிப்பார். முகத்தை நன்றாகக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போங்கள்.

நான் சொல்ல வந்தது நஸீர் நானாவின் கதை. நாட்டில் பெற்றோல் வரிசை முடிந்து, டொக்டர்மாரின் பாஸ்போர்ட் வரிசை தொடங்கியிருந்த காலம். கற்பிட்டிப் பக்கத்தில் ஒரு சின்ன அரசாங்க ஆஸ்பத்திரிக்கு நான் பொறுப்பு. எங்களோடு இருந்த இரண்டு டொக்டர்மார் வெளிநாடு போய்விட்டார்கள். மிஞ்சியது நானும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த டொக்டர் பிரவீணாவும். அந்தப் பிள்ளைக்கும் இங்கிலாந்தில் வேலை சரி. விசா வருவதுதான் பாக்கி. "நீங்கள் என்ன நினைக்கிறீங்கள், சேர்?" என்று ஒருநாள் கேட்டாள். "போ மகள். போய் எனக்கும் ஒரு கதிரை போட்டு வை" என்றேன். அவள் சிரிக்கவில்லை. என் பகிடிக்குப் பொதுவாக ஆட்கள் சிரிப்பதில்லை. இந்தத் தகவலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அது ஒரு மழைக் காலம். காலை வார்டு சுற்றிவிட்டு வரும்போது ஒரு ஆட்டோ நேராக வாசல்படி வரைக்கும் வந்து நின்றது. உள்ளே பெரிய உடம்போடு ஒரு மனிதர், உதடு நீலம், கண் திறந்தபடி, அசைவில்லை. மடியில் அவரைத் தாங்கியிருந்தவன் கத்தினான்:

"டொக்டர்! பேத்தை தின்னுட்டாரு! மச்சான் பேத்தை தின்னுட்டாரு!"

உள்நாட்டிலிருந்து வருபவர்களுக்காகச் சொல்கிறேன். பேத்தை என்பது தொட்டால் பந்துபோல ஊதிக்கொள்ளும் மீன். அதன் ஈரலிலும் சினையிலும் இருக்கும் நஞ்சு ஆளின் தசைகளை விளக்கு அணைப்பதுபோல ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வரும். முதலில் உதடு விறைக்கும், பிறகு கால், கை, நாக்கு, கடைசியில் மூச்சு. கடற்கரையில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். உங்களையும் என்னையும் போன்ற மேட்டு ஆட்கள் தவறிப்போய்த்தான் இதைத் தின்போம். நஸீர் நானா போன்றவர்கள் தெரிந்தே தின்பார்கள்.

மடியில் வைத்திருந்தவன் அவருடைய மனைவியின் தம்பி ரிஸ்வான். உச்சமுனையில் வாடி போட்டுத் தொழில் செய்துகொண்டிருந்திருக்கிறார்கள். வாடி என்றால் தொழில் காலத்தில் மீனவர்கள் தங்கும் ஓலைக் கொட்டில். வலையில் பேத்தை வந்திருக்கிறது. வீச வேண்டியதுதானே?

"நாங்க வீசத்தான் போனோம், டொக்டர். 'சுத்தம் பண்ணத் தெரியாதவன்தான் பேத்தைய வீசுவான்'டு சொல்லி அவரே அறுத்து, அவரே ஆக்கி, அவரே தின்னாரு. எங்களுக்குத் தரவும் இல்ல."

"அவருக்குப் பெரிய மனசு" என்றேன், அவரைக் கட்டிலில் ஏற்றிக்கொண்டே.

தோணியில் வரும்போது உதடு விறைக்கிறது என்றிருக்கிறார். கரைக்கு வந்தபோது கால் நிற்கவில்லை. ஆட்டோவில் ஏறியபின் பேச்சும் நின்றுவிட்டது. இருதயம் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது, சந்தைக்குப் போக விருப்பமில்லாத மாட்டைப்போல, மெதுவாக. தொண்டைக்குள் குழாயை விட்டு, கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் ரப்பர்ப் பையைப் பூட்டி, அமுக்கத் தொடங்கினோம். உதட்டின் நீலம் குறைந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. கிள்ளினாலும் அசைவில்லை. வெளிச்சம் அடித்தாலும் கண்மணி சுருங்கவில்லை.

மூச்சு விடும் இயந்திரம் எங்களிடம் இல்லை. அது புத்தளத்தில் இருந்தது. அம்புலன்ஸும் புத்தளத்தில்தான். விடியற்காலையில் ஒரு பிரசவத் தாயைக் கொண்டுபோனது, மழை வெள்ளம் வீதியை மூடியதால் அந்தப் பக்கமே நின்றுவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்தேன். "வீதி திறந்ததும் அனுப்புங்கள், கட்டில் வைத்திருக்கிறோம், அதுவரை அமுக்குங்கள்" என்றார்கள். நல்ல மனிதர்கள், அதைத் தவிர அவர்கள் வேறென்ன சொல்ல?

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டியது தொடங்குகிறது.

வெளியே விறாந்தை நிரம்பிவிட்டது. இந்தப் பக்கத்தில் ஒருவருக்கு வருத்தம் என்றால் ஊரே வரும். உங்களுக்கு அது இடைஞ்சலாகத் தெரியும், எனக்கும் தெரிந்தது. ரிஸ்வான் வாசலில் நின்று நாங்கள் கண்ணுக்கு வெளிச்சம் அடிப்பதைப் போனில் பிடித்திருக்கிறான். கண் அசையவில்லை என்பதைப் பார்த்ததும், பதறிப்போய், ஊர் வாட்ஸ்அப் குழுவில், ஒருவர் இறந்தால் போடும் "இன்னாலில்லாஹி"யைப் போட்டுவிட்டான். கொஞ்ச நேரத்தில் பள்ளிவாசலில் இருந்து ஆள் வந்தார், ஜனாஸா அடக்கம் எத்தனை மணிக்கு என்று கேட்க. நம் ஆட்கள் மையித்தை அடக்கத் தாமதிக்க விரும்ப மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் மையித்து ஆகும்வரையாவது தாமதிக்க வேண்டாமா?

நஸீர் நானாவின் மனைவி ஜெஸீமா ராத்தா உள்ளே வந்தார். அழுது முடித்த முகம்.

"டொக்டர், மறைக்க வேணாம். எல்லாரும் சொல்றாங்க. குழாயக் கழட்டித் தாங்க. வீட்டுக்குக் கொண்டுபோறோம். பிள்ளைகளுக்கு நடுவுல, காதுல கலிமாச் சத்தத்தோட போகட்டும். இந்தக் கோலத்துல வேணாம்."

அவர் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. எத்தனையோ பேரை நானே அப்படி அனுப்பியிருக்கிறேன், அனுப்பியது சரியாகவும் இருந்திருக்கிறது. எனக்கு அது வசதியும்கூட. "சொந்த விருப்பில் கொண்டுபோகிறோம்" என்று ஒரு கையெழுத்து வாங்கிவிட்டால் நான் சுத்தம். மரணம் அவர்கள் வீட்டுக் கணக்கில். படம் பிடிப்பவனுக்கும் படம் இல்லை. இந்தக் காலத்து டொக்டருக்கு அந்தக் கையெழுத்தைவிடப் பெரிய போர்வை இல்லை. குளிர் கூடக்கூட நீங்களும் அதை அதிகமாகத் தேடுவீர்கள்.

அந்த நேரம் பிரவீணா மூலையில் நின்று கொழும்புக்குப் பேசிக்கொண்டிருந்தாள், நஞ்சு பற்றி விசாரிக்கும் இடத்துக்கு. போனை வைத்துவிட்டு என் காதருகே வந்தாள்.

"சேர், இந்த நஞ்சில கண்மணியும் அசையாதாம். அதை வச்சு ஒண்டும் சொல்லேலாது. ஆள் முழிச்சிருக்கக்கூடுமாம். நஞ்சு ஒரு நாளில இறங்கும். அதுவரைக்கும் மூச்சைக் குடுத்தாச் சரி."

"ஆட்டோவுல மூச்சில்லாமக் கிடந்த நேரத்துல மூளை பழுதாகியிருந்தா?"

"அது தெரியாது, சேர்."

ஆக, கட்டிலில் கிடப்பவர் ஒன்று முழு விழிப்போடு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார், அல்லது போய்விட்டார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான். தூக்க மருந்து கொடுத்து நிம்மதியாக வைக்கலாமென்றால், அலுமாரியில் அது இருந்த தட்டில் தூசிதான் அதிகம். இருந்த கொஞ்சம் குழாய் விடும்போதே முடிந்துவிட்டது. முன்னால் நிற்கும் பெண், பக்கத்தில் கிடப்பவரைக் கழட்டித் தாருங்கள் என்கிறார். அவர் கேட்டுக்கொண்டிருந்தால் என்ன நினைப்பார்?

உங்களிடம் இரண்டு சுலபமான பொய்கள் எப்போதும் இருக்கும். "கட்டாயம் பிழைப்பார்" என்பது ஒன்று. "ஒன்றும் செய்ய ஏலாது" என்பது மற்றது. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஒடுக்கமான பாலம் உண்டு. அதன் பெயர் "தெரியாது". அதில் நின்றபடி பேசப் பழகுங்கள்.

"ராத்தா" என்றேன், "இவர் பிழைப்பாரா எண்டு எனக்குத் தெரியா. ஆனா இன்னும் மௌத்தாகல்ல. அது நல்லாத் தெரியும். நாங்க கதைக்கிறது இவருக்குக் கேக்கவும் கூடும். நாளைக்குப் பகல் லுஹர் தொழுகை வரைக்கும் எனக்குத் தாங்க. அப்பவும் ஒரு அசைவும் இல்லாட்டி, புத்தளத்து டொக்டர்மாரையும் கேட்டுட்டு, நானே வந்து வாகனத்துல ஏத்தித் தாறேன்."

அவர் என்னை நேராகப் பார்த்தார். "ஒங்கட கூடப்பொறந்த நானாவா இருந்தா என்ன செய்வீங்க?"

"இதையேதான் செய்வேன். ஆனா அவருக்கிட்ட இவ்வளவு கதைக்க மாட்டேன். என்ட பகிடி அவருக்குப் புடிக்காது."

ராத்தா அழுகையோடு சிரித்தார், அல்லது சிரிப்போடு அழுதார். "அப்ப சரி" என்றார்.

ஆனால் சரி என்றால் போதுமா? பை தானாக அமுங்காது. இருப்பது இரண்டு டொக்டர், மிஸ் என்று நாங்கள் கூப்பிடும் நர்ஸ்மார் இரண்டு பேர். வெளியே காய்ச்சல்காரர் வரிசை. மறுநாள் வரை யார் அமுக்குவது? விறாந்தையை எட்டிப் பார்த்தேன். கரைவலை இழுத்துக் காய்த்த கைகள் முப்பதாவது இருக்கும், எல்லாம் சும்மா. ஒன்று மட்டும் போனைப் பிடித்திருந்தது.

"ரிஸ்வான், படம் நல்லா வருதா?"

அவன் போனைச் சட்டைப் பைக்குள் மறைத்தான். "இல்ல டொக்டர், சும்மா..."

"வா உள்ள. மச்சான்ட மூச்ச ஒன்ட கையில தாறேன். விட்டியெண்டா, குழுவுல போட்ட செய்தி உண்மையாகிடும்."

கையைக் கழுவவைத்து, முகமூடி கட்டி, பையைக் கொடுத்தேன். வலை இழுக்கிற கை அல்லவா, இழுக்கிற வேகத்திலேயே அமுக்கினான். அந்த வேகத்தில் போனால் நுரையீரலை வெடிக்க வைத்துவிடுவான். பிரவீணா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மெதுவா, அண்ணா, மெதுவா! நீங்கள் ஓதுறதில ஆறுதலாச் சொல்லுற ஒரு சொல் இருக்கோ?"

"சுப்ஹானல்லாஹ்" என்றார் கட்டிலருகே நின்ற ராத்தா.

"ஒருக்கா அமுக்குங்கோ. பேந்து அதை மூண்டு தரம் ஆறுதலாச் சொல்லுங்கோ. பேந்து அமுக்குங்கோ."

அப்படியே தொடங்கியது. கரைவலையில் ஒருவர் களைத்தால் அடுத்தவர் கயிற்றை வாங்குவார், கயிறு ஒரு கணமும் தளராது. பையும் அப்படித்தான் கை மாறியது. எப்போதும் எங்களில் ஒருவர் பக்கத்தில் நின்று மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டோம். அன்றைக்கு ஒன்று கவனித்தேன். விறாந்தையில் மௌத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்த ஒருவர்கூட, பையைப் பிடித்த பிறகு அந்தச் சொல்லை எடுக்கவில்லை. பள்ளிவாசலில் இருந்து வந்தவரும் தன் முறைக்குப் பையைப் பிடித்தார். பின்னேரம் ஆகும்போது பிரவீணாவே, நெற்றியில் பொட்டோடு, வாய்க்குள் சுப்ஹானல்லாஹ் சொல்லிக்கொண்டு நின்றாள். அவளுக்கே தெரியவில்லை.

என் பங்குக்கு நான் கதைத்தேன். அவருக்குக் கேட்கும் என்றால், அந்த இருட்டில் ஒரு சத்தமாவது வேண்டுமே. "நஸீர் நானா, நான் டொக்டர். நீங்க மௌத்தாகல்ல, பயப்படாதீங்க. நஞ்சு எறங்கும். மூச்ச நாங்க பாத்துக்கொள்றோம்." இதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். அதற்கு நடுவில் என் சரக்கையெல்லாம் அவிழ்த்தேன். உச்சமுனைக்கு முதல்தடவை கிளினிக் நடத்தப் போனபோது தோணியிலேயே வாந்தி எடுத்து, கரையில் என்னைத் தூக்கிப் படுக்கவைத்து, எனக்காக வரிசையில் நின்ற நோயாளிகளே எனக்கு இஞ்சித் தேத்தண்ணி ஊற்றித் தந்ததைச் சொன்னேன். என் மனைவி என்னை வானொலி என்றுதான் கூப்பிடுவாள், அணைக்கும் பொத்தான் உடைந்தது, என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக எழுந்து போக முடியாத ஒருவர் எனக்குக் கிடைத்திருந்தார்.

ரிஸ்வானின் முறை வந்தால் அவனும் கதைப்பான். அவன் வேறு விதம். "மச்சான், என்ன மன்னிச்சிருங்க. போன மாசம் வலையக் கிழிச்சது ஓங்கில் மீன் இல்ல, நான்தான். எஞ்சினத் தண்ணிக்குள்ள வுட்டதும் நான்தான். ஒங்கட புதுச் சாரத்தக் காத்து அடிச்சிக்கொண்டு போகல்ல, மச்சான்..." கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

இடையில் ஒரு மிஸ், "சேர், நீங்க காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல்ல" என்று என் கையில், உள்ளே மீன் வைத்துச் சுட்ட ஒரு மாலு பாண் வைத்தார். தின்றேன். பிறகு மறுபடியும் கதைக்கத் தொடங்கினேன்.

இரவு அப்படியே கை மாறிக் கை மாறிக் கழிந்தது. காலையில் மழை விட்டிருந்தது. ரிஸ்வானின் கையில் பை. நான் சுவரில் சாய்ந்து, முதல்நாள் சொன்ன தோணிக் கதையையே மறுபடியும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"டொக்டர்! நெத்தியச் சுருக்கினாரு!"

பிரவீணா ஓடிவந்து குனிந்தாள். "நஸீர் நானா, நான் சொல்றது கேட்டா இன்னொருக்காச் சுருக்குங்கோ."

சுப்ஹானல்லாஹ். சுப்ஹானல்லாஹ். அந்தப் பெரிய நெற்றியில், அலை வற்றும்போது மணலில் விழும் கோடுபோல, மெல்லிய ஒரு சுருக்கம்.

ராத்தா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் அமர்ந்துவிட்டார். ரிஸ்வான் அழுதான், ஆனால் பையை விடவில்லை. அதைத்தான் நான் கெட்டிக்காரத்தனம் என்பேன்.

வீதி திறந்ததும் அம்புலன்ஸ் வந்தது. புத்தளத்தில் இயந்திரம் ஏற்றுக்கொண்டது. சில நாளில் குழாயை எடுத்தார்கள். ரிஸ்வான் போட்ட செய்தியை ஊர்க் குழுவில் அழித்துவிட்டானாம். ஆனால் குவைத்தில் ஒருவர் நஸீர் நானாவுக்காக, இறந்தவர்களுக்கு ஓதும் யாசீனை ஓதி முடித்துவிட்டதாகக் கேள்வி. நன்மை வீண்போகாது.

பிரவீணா இங்கிலாந்து போய்விட்டாள். போனவர்களைப் பற்றி இங்கே பலர் கடுமையாகப் பேசுவார்கள். நான் பேச மாட்டேன்; பிள்ளைகளுக்கு நாட்டைவிட்டுப் போகக் காரணமும் இருக்கிறது, கால்களும் இருக்கின்றன. அவளுக்கு அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை. இயந்திரத்தில் கிடக்கும் வெள்ளைக்காரக் கிழவர்களோடு யாழ்ப்பாணத் தமிழில் கதைக்கிறாளாம். "கதைக்கிறதுக்கு விஷயம் முடிஞ்சா உங்கட தோணிக் கதையைத்தான் சொல்றனான், சேர்" என்று குரல் பதிவு அனுப்பினாள். என் வாந்தி கடல் கடந்துவிட்டது. நீங்கள் போவதானால் போங்கள், இருப்பதானால் இருங்கள். எங்கே இருந்தாலும் கட்டிலில் கிடப்பவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து வேலை செய்யுங்கள்.

நடக்கத் தொடங்கியதும் நஸீர் நானா என்னைப் பார்க்க வந்தார், ஒரு பை மீனோடு. ஒவ்வொரு மீனின் முகத்தையும் பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன். ரிஸ்வான் பின்னால் தள்ளி நின்றான். அவன் உடுத்தியிருந்தது பழைய சாரம். புதியது உரியவரிடம் போய்ச் சேர்ந்திருந்தது.

"எல்லாம் கேட்டிச்சா, நானா?"

"எல்லாம் கேட்டிச்சி டொக்டர். இவன் சொன்னதும் கேட்டிச்சி" என்று திரும்பிப் பார்த்தார். ரிஸ்வான் கூரையைப் பார்த்தான்.

எனக்கு ஆசை விடவில்லை. "என்ட பகிடியில எது நல்லா இருந்திச்சி?"

அவர் நேர்மையான மனிதர். நிறைய நேரம் யோசித்தார்.

"ஒண்டும் இல்ல டொக்டர். சிரிக்க ஏலாமக் கெடந்தது எனக்கு ஒரு கஷ்டமாவே தெரியல்ல." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒருக்கா நீங்க கதைக்கிறத நிப்பாட்டிட்டீங்க. அமுக்கினவரும் வாய்க்குள்ளதான் ஓதினாரு போல, ஒரு சத்தமும் இல்ல. அப்பதான் பயந்தேன். சரி, நான் மௌத்து, டொக்டரும் கைய வுட்டுட்டாரு எண்டு நெனச்சேன். கலிமாவும் சொல்லிட்டேன், மனசுக்குள்ள. பொறகு திரும்ப அந்தத் தோணிக் கதையத் தொடங்கினீங்க. அல்ஹம்துலில்லாஹ் எண்டு சொன்னேன். அந்தக் கதைக்கு அப்படிச் சொன்ன ஆள் நான் மட்டுந்தான் இருக்கும்."

எப்போது நிறுத்தினேன் என்று எவ்வளவு யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை. அவர் போன பிறகு, தேத்தண்ணியோடு மிஸ் கொண்டுவந்து வைத்த தட்டைப் பார்த்தபோதுதான் விளங்கியது.

ஒரு மனிதர் தன் மௌத்தை ஏற்றுக்கொண்டு கலிமா சொன்ன அந்த நேரம் முழுவதும், நான் வாய் நிறைய மாலு பாண் வைத்து மென்றுகொண்டிருந்தேன்.